பிரிஸ்டலின் கரீபியன் பெரியவர்களிடம் நான் கற்ற ஊர்வேலை

பிரிட்டனுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களின் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, விசாக் கட்டணம், இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்ற தேடலிலேயே கரைந்துவிடும். பிறகு கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி, பொங்கல் விழா என்று ஒரு வட்டம் அமையும். நல்ல வட்டம்தான், நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு வெளியே ஓர் ஊர் இருக்கிறது, அதன் காரியங்களில் நமக்கும் பங்கு உண்டு என்பதை நம்மில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எனக்குச் சொல்லித் தந்தவர்கள், பிரிஸ்டல் நகரின் ஈஸ்டன், செயின்ட் பால்ஸ் பகுதிகளில் வாழும் ஜமைக்கா, பார்படாஸ், கயானா நாட்டுப் பெரியவர்கள்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. இங்கே மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, எனக்கு முன்பே அதே தொழிலில் ஓய்வுபெற்ற ஜமைக்கா அம்மையார் ஒருவர் ஏறுவார். தம் தேவாலயத்தில் முதியவர்களுக்கு மதிய உணவு சமைக்கப் போகிறவர். சீருடையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். நான் அவரை ஆன்ட்டி என்று அழைக்கத் தொடங்கினேன். நாங்கள் இருவரும் உட்கார்ந்து வந்த அந்த பஸ்ஸின் வரலாற்றை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

1950களில் பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனியில் கறுப்பினத்தவரும் ஆசியரும் பணிமனையில் வேலை செய்யலாம், ஆனால் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ ஆக முடியாது. நிற வேற்றுமை காட்டும் அந்தத் தடையை உள்ளூர்த் தொழிற்சங்கக் கிளையே 1955இல் தீர்மானமாகப் போட்டிருந்தது. 1963 ஏப்ரலில் கை பெய்லி என்ற 18 வயது இளைஞருக்கு நேர்முகத் தேர்வு உறுதியாகியிருந்தது. அவர் ஜமைக்காவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் ரத்தாயிற்று. ராய் ஹேக்கெட், ஓவன் ஹென்றி, ஆட்லி எவன்ஸ், பிரின்ஸ் பிரௌன் என்ற கரீபியன் மனிதர்களும், அவர்களோடு சேர்ந்த பால் ஸ்டீவன்சன் என்ற இளைஞர் நல அலுவலரும் பஸ் புறக்கணிப்பை அறிவித்தார்கள். மக்கள் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். கிரிக்கெட் வீரராக உலகம் அறிந்தவரும், அப்போது டிரினிடாட் டொபேகோவின் லண்டன் தூதராக இருந்தவருமான லியரி கான்ஸ்டன்டைன் வெளிப்படையாக ஆதரித்தார். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி தடையை நீக்கியது. செப்டம்பர் 17 அன்று நகரின் முதல் வெள்ளையர் அல்லாத நடத்துநராக வேலையில் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

அந்தக் கடைசி வரியைத்தான் ஆன்ட்டி இரண்டு முறை சொன்னார். ஜமைக்காக்காரர்கள் போராடித் திறந்த கதவு வழியே முதலில் நுழைந்தவர் ஓர் இந்தியர். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. ‘அப்படித்தான் ஆக வேண்டும், மகளே’ என்றார். பிரிட்டனின் இன உறவுச் சட்டங்கள் 1965இலும் 1968இலும் வந்தன. இன்று இங்கே ஒரு தமிழர் வேலைக்கு விண்ணப்பித்து, நிறத்துக்காக ஒதுக்கப்பட்டால் வழக்குப் போட முடிகிறது. அந்த உரிமைக்கு நடந்து தேய்ந்த கால்களில் பெரும்பங்கு கரீபியன் கால்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஊர்வலத்தைப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வேலை. ஹேக்கெட்டும் ஹென்றியும் ஏற்கெனவே ஒரு குழுவாகக் கூடிப் பேசிவந்தவர்கள். யார் வீட்டில் கூட்டம், யார் கணக்கு எழுதுவது, யார் பத்திரிகைக்குச் சொல்வது என்ற பழக்கம் அவர்களிடம் இருந்தது. சங்கடம் வந்த பிறகு சங்கம் தொடங்கவில்லை.

ஆன்ட்டி என்னை எங்கள் பகுதிக் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். சமுதாயக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கொதிக்கும் தேநீர்ப் பாத்திரம். பேச்செல்லாம் குப்பைத் தொட்டி, தெருவிளக்கு, பள்ளி வாசலில் கார் வேகம். இதற்குப் போயா ஓய்வு நாளைச் செலவிடுவது என்று தோன்றும். ஆனால் அங்கே கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: கூட்டத்தில் நன்றாகப் பேசியவர் சொன்னது அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது, நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது மட்டுமே நிற்கும். எங்கள் பகுதியில் அந்தக் குறிப்பைப் பல ஆண்டுகளாக எழுதிவந்தவர் பார்படாஸைச் சேர்ந்த ஒரு முன்னாள் தபால்காரர். ‘ஆங்கிலம் நன்றாக எழுதுவாயே, நீ எழுது’ என்று நோட்டை என்னிடம் தந்தார்.

நம்மவர்கள் யாராவது இப்படி ஒரு குழுவில் சேர விரும்பினால் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். தலைவர் பதவி வேண்டாம், குறிப்பெழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையிலும் ஐடி அலுவலகத்திலும் நாம் தினமும் செய்கிற வேலைதான் அது. எழுதுகிறவருக்கு எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். எந்தக் கவுன்சிலர் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பது தேதியோடு கையில் இருக்கும். பேச வேண்டிய விஷயம் உங்களுக்கு இருந்தால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுந்து பேசுவது காற்றோடு போய்விடும். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்கிவிட்டுப் போங்கள். உண்மையான முடிவுகளில் பாதி அந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

அடுத்தது ஓட்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். இங்கே சட்டப்படி தங்கும் அனுமதி இருந்தாலே, பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்காமலே, உள்ளூர்த் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். என்னோடு பணிபுரியும் தமிழ், மலையாளச் செவிலியர்களில் பலருக்கு இது தெரியவில்லை. ‘பாஸ்போர்ட் மாறட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தார்கள். பதிவு இணையத்தில் சில நிமிட வேலை, தேசியக் காப்பீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கொண்டுபோக வேண்டும், அதற்கு இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும். கரீபியன் தலைமுறை இந்த உரிமையை வந்த நாளிலிருந்தே பயன்படுத்தியது. கரீபியன் குடியேறிகளைச் சுமந்துவந்த வின்ட்ரஷ் கப்பலில் 1948 ஜூன் மாதம் வந்து இறங்கிய சாம் கிங், தபால் துறையில் வேலை பார்த்து, 1983இல் லண்டன் சதக் பகுதியின் மேயரானார். பிரிஸ்டலிலேயே ஜமைக்காத் தந்தைக்குப் பிறந்த மார்வின் ரீஸ் 2016இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரானார்.

பணத்தை அவர்கள் கையாண்ட விதமும் நமக்கு அந்நியமானது அல்ல. ஜமைக்காவில் ‘பார்ட்னர்’ என்றும் டிரினிடாடில் ‘சூசூ’ என்றும் அழைப்பது நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். ஒவ்வொருவரும் வாரம் ஒரு தொகை கட்டுவார்கள். ‘பேங்கர்’ எனப்படும் நம்பிக்கையான ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், அதை வைத்திருப்பார். முறைப்படி ஒவ்வொருவருக்கும் மொத்தத் தொகை போகும். ஏலம் இல்லை, தள்ளுபடி இல்லை. 1950களில் வங்கிகள் கடன் தரத் தயங்கியபோது, வீட்டுக்காரர்கள் கறுப்பர்களுக்கு அறை இல்லை என்று அட்டை தொங்கவிட்டபோது, இந்தப் பணத்தை முன்பணமாக வைத்து வீடு வாங்கினார்கள். வாங்கிய வீட்டில் அடுத்த கப்பலில் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன்: இதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பேங்கரை நீங்களே பல ஆண்டுகளாக அறிந்திருந்தால் மட்டும் சேருங்கள்.

செயின்ட் பால்ஸ் கார்னிவலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 1968இல் உள்ளூர்வாசிகள் தொடங்கிய விழா அது. ஜூலை முதல் சனிக்கிழமை என்பது வழக்கம். பின்னணியில் இருந்தவர்களில் ஏழு பேரின் உருவங்களை மிஷேல் கர்ட்டிஸ் என்ற ஓவியர் தெருச் சுவர்களில் பெரிதாகத் தீட்டியிருக்கிறார். அவர்களில் ஹேக்கெட், ஹென்றி, எவன்ஸ் மூவரும் பஸ் போராட்டத்தில் இருந்தவர்கள். கார்மன் பெக்ஃபோர்ட் செவிலியர் பயிற்சிக்காக இந்த நாட்டுக்கு வந்தவர். அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஊர்வேலை செய்ததற்காக ஒரு செவிலியரின் முகம் மூன்று மாடி உயரத்தில் நிற்கும் தெருவில் நான் நடக்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் கார்னிவல் என்பது இறகு உடையும், இடிமுழக்க இசையும், பொரித்த கோழியும். உள்ளே போனால் அது ஆண்டு முழுவதும் நடக்கும் கணக்கு வழக்கு. தெருவை மூட அனுமதி, காப்பீடு, முதலுதவி, கழிப்பறை, மறுநாள் துப்புரவு. பணமும் ஏற்பாடும் கைகூடாத ஆண்டுகளில் விழா நின்றும் போயிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வாரக்கணக்கில் உடை தைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சோமாலியரும் போலந்துக்காரரும் ஆங்கிலேயரும் உண்டு. ஊரை அழைத்து நடத்தும் விழா அது. நம் பொங்கல் விழாவை வாடகை அரங்குக்குள் நடத்தி, மேடையில் ஒரு கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தி, கதவை மூடிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுக் கலைகிறோம். அரங்கின் எதிர்வீட்டுக்காரருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கார்னிவலில் தொண்டு செய்த பிறகு நாங்கள் சில குடும்பத்தார் சேர்ந்து, சமுதாயக் கூடத்தின் முற்றத்தில் பொங்கல் வைக்கிறோம். அக்கம்பக்கத்துக் கடிதப்பெட்டிகளில் அழைப்பு போடுகிறோம். வருகிறவர்கள் பானை பொங்குவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். அதற்குப் பிறகு தெருவில் பார்க்கும்போது நின்று பேசுகிறார்கள்.

இதற்குச் சிறு உதவித்தொகைகள் கிடைக்கும். கவுன்சில் தருவது உண்டு, தேசிய லாட்டரி நிதியும் உண்டு. ஆனால் நம் சங்கங்கள் பல இடறுவது ஒரே இடத்தில்: கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர். லாட்டரி நிதி கேட்கும் அமைப்பின் குழுவில் உறவினர் அல்லாத இரண்டு பேராவது இருக்க வேண்டும், வங்கிக் கணக்கையும் அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தே இயக்க வேண்டும். எழுதப்பட்ட விதிமுறையும் ஆண்டுக் கணக்கும் கேட்பார்கள். விழாவுக்கு ஆறு மாதம் முன்பே இவற்றைச் சரிசெய்யுங்கள். தெருவை மூடுவதானால் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வீடு வீடாகச் சென்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லிவிட்டு வரும் நடையில்தான் பாதி உறவு உண்டாகிறது என்பது என் அனுபவம்.

எங்கள் தமிழ் வகுப்புக்கு இடம் கொடுத்தது ஆன்ட்டியின் தேவாலயம். கேட்டவுடன் ஏன் சம்மதித்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. 1960களிலும் 70களிலும் கரீபியன் பிள்ளைகளை அறிவுக்குறை உள்ளவர்கள் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் 1971இல் ஒரு சிறுநூல் எழுதி அதை அம்பலப்படுத்தினார். பெற்றோர் தேவாலயக் கூடங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் சனிக்கிழமைப் பள்ளிகளைத் தொடங்கிப் பெருக்கினார்கள், கணக்கும் எழுத்தும் சொந்த வரலாறும் சொல்லிக்கொடுத்தார்கள். சனிக்கிழமைப் பள்ளி என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. வாரநாள் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குள்ளும் போனார்கள். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஆளுநர் குழு ஒன்று உண்டு. நிதி, தலைமையாசிரியர் நியமனம், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கும் முடிவு எல்லாம் அங்கே வரும். பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோர் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அதில் இருப்பார்கள், பதவிக்காலம் வழக்கமாக நான்கு ஆண்டு. ஊதியம் கிடையாது. ஆனால் இந்தப் பொறுப்புக்காக நியாயமான அளவு வேலைநேர விடுப்புக் கேட்க ஊழியருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் தருவது முதலாளியின் விருப்பம். பிள்ளையின் மதிப்பெண்ணுக்காகப் பள்ளி வாசலில் தவம் கிடக்கும் நம் பெற்றோர் ஏன் இந்தத் தேர்தலில் நிற்பதில்லை என்று எனக்குத் தீராத ஆதங்கம். கடிதம் பையில் வீட்டுக்கு வரும்போது தயவுசெய்து படியுங்கள்.

பழகும் முறை பற்றிச் சில. ‘கரீபியன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் எந்த நாடு என்று கேளுங்கள். ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் கடல் இருக்கிறது, சமையலும் பேச்சும் வேறு. பெரியவர்களை வெறும் பெயரால் அழைக்காதீர்கள். ஆங்கிலேயர் அழைக்கலாம். ஆனால் இவர்கள் நம்மைப் போல மரியாதை பார்ப்பவர்கள், பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ அல்லது ‘மிஸ்டர்’, தேவாலயத்தில் ‘சிஸ்டர்’, ‘பிரதர்’. அறைக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்தால் ‘நைன் நைட்’ என்று வீட்டில் கூடுவார்கள். பாட்டு, டாமினோ, சாப்பாடு, இறந்தவரைப் பற்றிய கதைகள். அதற்கு அழைப்பு வராது, நாமாகப் போக வேண்டும். கையில் ஏதாவது உணவு கொண்டுபோனால் போதும். நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவேன், பாத்திரம் காலியாகித்தான் திரும்பும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வீடுகளுக்குள் இந்த மக்களைப் பற்றிப் பேசும் பேச்சு சரியில்லை. ‘அந்தப் பிள்ளைகளோடு சேராதே’, ‘அந்தப் பகுதியில் வீடு பார்க்காதே’ என்று படித்த பெற்றோரே சொல்கிறார்கள். நிறத்தை வைத்து நம்மை இழிவுபடுத்தியவர்களின் பேச்சை நாமே கடன் வாங்கிப் பேசுகிறோம். நம் பிள்ளைகள் காதில் விழும்படி அதைப் பேசக் கூடாது. யார் பேசினாலும் அங்கேயே மறுக்க வேண்டும், உறவினராக இருந்தாலும்.

மதிய உணவுக்கூடத்தில் இப்போது நான் விடுப்பு நாள்களில் ரத்த அழுத்தம் பார்க்கிறேன். நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் அவர்களையும் நம்மையும் ஒருசேரப் பிடித்து ஆட்டுபவை. அங்கே கயானாவிலிருந்து வந்த தாத்தா ஒருவர் என் பெயரைக் கேட்டதும், தன் பாட்டி மாரியம்மாவுக்குப் பூசை செய்வார் என்றார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் வழி வந்தவர். தமிழ் தெரியாது. வேப்பிலை, உடுக்கை, தீமிதி எல்லாம் அவர் விவரித்தார். நான் கையில் அழுத்தமானியோடு வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூடத்தில் நான் செய்யும் இன்னொரு வேலை, அந்தக் கப்பலின் பெயரால் அழைக்கப்படும் வின்ட்ரஷ் இழப்பீட்டு விண்ணப்பங்களுக்குக் காகிதம் சேர்க்க உதவுவது. 1973 ஜனவரி 1க்கு முன் இங்கே குடியேறிய காமன்வெல்த் மக்களுக்குத் தங்கும் உரிமை இருந்தது. ஆனால் அதற்கான அத்தாட்சி கையில் தரப்படவில்லை. 2012க்குப் பிறகு வேலைக்கும் வாடகைக்கும் சிகிச்சைக்கும் ஆதாரம் கேட்கும் விதிகள் இறுகியபோது, வாழ்நாளெல்லாம் வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள், சிலர் காவலில் வைக்கப்பட்டார்கள், நாடு கடத்தவும் பட்டார்கள். 2018இல் அரசு மன்னிப்புக் கேட்டது, 2019இல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. பழைய சம்பளச் சீட்டு, பள்ளிப் பதிவு, மருத்துவர் பதிவு, தேசியக் காப்பீட்டுக் கணக்கு என்று பழைய தடயங்களைத் தேட வேண்டும். எண்பது வயதுக்காரர்களுக்கு அது பெரும் சுமை. படிவம் நிரப்புவதில் கைதேர்ந்த நம் தலைமுறை இதில் நிறையச் செய்ய முடியும்.

இந்தத் திட்டம் கரீபியன் மக்களுக்கு மட்டுமானது அல்ல என்பதையும் கவனியுங்கள். 1973க்கு முன் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து குடியேறிய தமிழர்களும், அவர்கள் பிள்ளைகளில் தகுதி உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. உங்கள் குடும்பத்திலோ கோயிலிலோ அப்படி ஒரு பெரியவர் ஆவணமில்லாமல் அல்லல்பட்டிருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது எந்த ஆண்டு வந்தார், முதலில் எங்கே வேலை செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.